தமியான் சுவாமியாரை அறிவோம். மரியான் அம்மையாரை அறிவோமா?



தாதித் தொழிலுக்குப் பிள்ளையை அனுப்பியிருக்கும் குடும்பங்கள் நம் பங்குகளில் பல உண்டு. பயிற்சி முடிந்து முதல் சில வருடங்கள் பிள்ளை பொது வாட்டில் எல்லா வகை நோயாளரையும் பராமரிக்கிறாள். பிறகு ஒரு நாள் அந்தக் கேள்வி வருகிறது. இனி எந்தப் பிரிவுக்குப் போவது? சத்திரசிகிச்சைக் கூடமா, பிள்ளைப்பேற்று வாட்டா, சிறுவர் பிரிவா, மனநோயாளர் பிரிவா? வீட்டிலே ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். எங்கே வேலை இலகு, எங்கே இரவுக் கடமை குறைவு, எங்கே நாலு பேர் மதிப்பார்கள் என்ற பேச்சே கூடுதலாக அடிபடும். அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. பெற்ற மனம் அப்படித்தான் யோசிக்கும்.

இதே கேள்வி தமது 45-வது வயதில் வந்து கதவைத் தட்டிய ஒரு கன்னியாஸ்திரியைப் பற்றி இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறோம். அவர் புதிதாய்ப் படித்து வெளியேறிய தாதியல்ல. பெரியதொரு பொது வைத்தியசாலையை ஏழு ஆண்டுகள் நடத்தியவர். ஒரு சபைக்கே தலைவியாக இருந்தவர். அவர் தெரிந்துகொண்டதோ, அந்த நாளில் எவருமே விரும்பாத பிரிவு. தொழுநோயாளரின் காயங்களுக்கு மருந்து கட்டும் பணி.

மொலொக்காய்த் தீவின் தமியான் சுவாமியாரின் பெயரைக் கேட்டறியாத கத்தோலிக்கக் குடும்பம் நம்மிடையே அரிது. மறைக்கல்வி வகுப்பிலேயே அவரைப் பற்றிக் கேட்டு வளர்ந்தோம். ஆனால் அதே தீவில், அவருக்குப் பின் கிட்டத்தட்ட முப்பது ஆண்டுகள் உழைத்து, அங்கேயே கண்மூடிய புனித மரியான் கோப் அம்மையாரின் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

1838-ம் ஆண்டு தை மாதம் 23-ம் திகதி, இன்றைய ஜேர்மனியின் ஹெசன் பகுதியிலுள்ள ஹெப்பன்ஹைம் என்ற ஊரில் அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் பார்பரா. குடும்பப் பெயர் கூப். பிள்ளை மிகச் சிறியவளாய் இருந்தபோதே குடும்பம் பிழைப்புத் தேடிக் கப்பலேறி அமெரிக்கா சென்று, நியூயோர்க் மாநிலத்தின் யுட்டிக்கா நகரில் குடியேறியது. ஆங்கிலம் பேசுவோர் வாயில் கூப் என்பது கோப் ஆனது. அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

பார்பராவுக்குத் துறவற ஆசை பதினைந்து வயதளவிலேயே உண்டாயிற்று. ஆனால் வீட்டு நிலைமை இடங்கொடுக்கவில்லை. தகப்பனார் நோய்வாய்ப்பட்டு உழைக்க முடியாதவரானார். கீழே சிறு சகோதரர்கள். பள்ளிப்படிப்பை எட்டாம் வகுப்போடு நிறுத்திவிட்டு அந்தப் பெண் நெசவு ஆலைக்கு வேலைக்குப் போனாள். ஆலைச் சம்பளத்தில் குடும்பம் நடந்தது. இப்படி ஒன்பது ஆண்டுகள். அழைத்தலை மனதில் வைத்துக்கொண்டு, குடும்பக் கடனைத் தீர்த்துக்கொண்டு, அவள் பொறுத்திருந்தாள். நம் ஊரிலும் தம்பி தங்கையரைக் கரைசேர்ப்பதற்காகத் தம் விருப்பத்தைத் தள்ளிவைத்த அக்காமார் எத்தனை பேர்! அவர்களுக்கு இந்த ஒன்பது ஆண்டுகளின் பாரம் நாம் சொல்லாமலே விளங்கும்.

1862-ல் தகப்பனார் இறந்தார். தம்பி தங்கையரும் ஓரளவு வளர்ந்திருந்தனர். அதே ஆண்டு, 24-வது வயதில், சிரக்கியூஸ் நகரிலிருந்த புனித பிரான்சிஸ்குவின் மூன்றாம் சபைக் கன்னியர் மடத்தில் சேர்ந்தார். மரியான் என்ற துறவறப் பெயர் கிடைத்தது. முதலில் கொடுக்கப்பட்ட பணி, ஜேர்மன் குடியேறிகளின் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பது. ஆசிரியையாகவும் பிறகு பாடசாலைத் தலைமையாசிரியையாகவும் இருந்தார். வைத்தியசாலை என்ற எண்ணம் அப்போது அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

அந்தக் காலத்தில் அந்தப் பிரதேசத்து ஏழைக்கு நோய் வந்தால் போக இடமில்லை. வசதியுள்ளவன் வீட்டுக்கு வைத்தியரை அழைப்பான். இல்லாதவன் கிடந்த இடத்தில் சாவான். இதைக் கண்ட பிரான்சிஸ்கு சபைச் சகோதரிகள் 1866-ல் யுட்டிக்காவில் புனித எலிசபெத் வைத்தியசாலையையும், 1869-ல் சிரக்கியூசில் புனித சூசையப்பர் வைத்தியசாலையையும் ஆரம்பித்தார்கள். முன்பு மதுச்சாலையும் நடன மண்டபமுமாயிருந்த ஒரு கட்டடத்தைத்தான் சூசையப்பருக்கு ஒப்புக்கொடுத்தார்கள்! 1870-ல் அந்த வைத்தியசாலையின் பொறுப்பு சகோதரி மரியானிடம் வந்தது. 1877 வரை அங்கே அவரே தாதி, அவரே நிர்வாகி, கணக்குப் பிள்ளையும் அவரே என்று சொல்லலாம்.

இந்த ஏழு ஆண்டுகளைச் சற்று நின்று பார்க்க வேண்டும். பின்னால் அவர் செய்தவை எல்லாவற்றுக்கும் இங்கேதான் அடிப்படை விழுந்தது.

முதலாவது, வாசலில் வந்த நோயாளியை இனம், மதம், தேசம் கேட்டுத் திருப்பியனுப்புவதில்லை என்று வைத்தியசாலை விதியிலேயே எழுதப்பட்டிருந்தது. குடிகாரரைக்கூட நோயாளராய் ஏற்றார். நல்ல மனிதர்கள் பலர் இதற்காக அவரைக் குறைசொன்னார்கள். அவர் விதியை மாற்றவில்லை.

இரண்டாவது, கையைக் கழுவும் வழக்கம். இன்று இது சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த காரியம். ஆனால் 1870-களில் ஒரு நோயாளியின் புண்ணைத் தொட்ட கையோடு அடுத்த நோயாளியிடம் போகும் வைத்தியர்கள் ஏராளம். கிருமியைப் பற்றிய அறிவு அப்போதுதான் பரவத் தொடங்கியிருந்தது. சகோதரி மரியானோ ஒரு நோயாளியை விட்டு அடுத்தவரிடம் செல்லுமுன் சவர்க்காரமிட்டுக் கழுவவேண்டும் என்று கண்டிப்பாக இருந்தார்.

மூன்றாவது, நோயாளியின் மானம். ஜெனீவா என்ற ஊரிலிருந்த வைத்தியக் கல்லூரி சிரக்கியூசுக்கு மாறிவருவதற்கு அவர் துணைநின்று, மாணவர்கள் தம் வைத்தியசாலைக்கு வந்து நோயாளரைப் பார்த்துப் படிக்க இடங்கொடுத்தார். ஆனால் ஒரு நிபந்தனை விதித்தார். மாணவர் பார்வையிட வருவதை விரும்பாத நோயாளிக்கு, மறுக்கும் உரிமை உண்டு. ஏழை என்பதற்காக ஒருவருடைய உடம்பு பாடப்புத்தகம் ஆகிவிடக்கூடாது என்பது அவருடைய எண்ணம். எங்கள் அபிப்பிராயத்தில், அவருடைய வரலாற்றிலே அதிகம் பேசப்படாத, ஆனால் அதிகம் பேசப்பட வேண்டிய காரியம் இதுதான்.

1877-ல் சபையின் தலைவியாகத் தெரிவு செய்யப்பட்டார். 1881-ல் மீண்டும் தெரிவானார். சபை வளர்ந்தது, வைத்தியசாலைகள் நற்பெயர் பெற்றன. வயது நாற்பதைக் கடந்துவிட்டது. இனி அலுவலக மேசையிலிருந்து மற்றவர்களைப் பணிக்கு அனுப்பும் காலம் என்றுதான் யாரும் நினைத்திருப்பார்கள்.

1883-ல் பசிபிக் சமுத்திரத்தின் நடுவேயுள்ள ஹவாய்த் தீவுகளிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அப்போது ஹவாய் தனி இராச்சியம். கலாகாவுவா மன்னர் ஆண்டுகொண்டிருந்தார். அவருடைய அரசின் சார்பில் லெயோனோர் பூனெல் என்ற குருவானவர், நோயாளரைப் பராமரிக்கக் கன்னியர் சிலரைத் தரும்படி வேண்டியிருந்தார். பின்னர் அவரே நேரிலும் வந்தார். என்ன நோய் என்பதை வாய்விட்டுச் சொல்வதே அந்நாளில் கஷ்டம். ஏற்கெனவே ஐம்பதுக்கு மேற்பட்ட துறவற சபைகளிடம் கேட்டு, எல்லாரும் கையை விரித்திருந்தார்கள்.

வாசகர்களே, அந்த ஐம்பது சபைகளையும் அவசரப்பட்டுக் கோழைகள் என்று தீர்ப்பிடாதீர்கள். தொழுநோய்க்கு அன்று மருந்து கிடையாது. ஹன்சன் என்ற நோர்வே வைத்தியர் அந்த நோயின் கிருமியைக் கண்டுபிடித்துப் பத்து ஆண்டுகளே ஆகியிருந்தன. கிருமி தொற்றினாலும் பெரும்பாலானவர்களுக்கு உடலின் இயற்கையான எதிர்ப்புச் சக்தியால் நோய் வருவதில்லை என்பது இன்று நமக்குத் தெரியும், அன்று தெரியாது. தம் பிள்ளைகளை அங்கே அனுப்பும் ஒரு மடத்துத் தலைவி, அவர்களை உயிரோடு புதைப்பதாகவே எண்ணினாள்.

மரியான் அம்மையார் உடனே மறுமொழி எழுதினார். தமக்குப் பயமில்லை என்றும், தொழுநோயாளருக்குப் பணி செய்வது தமக்குப் பெரும் மகிழ்ச்சி என்றும் அந்தக் கடிதத்தில் தெரிவித்தார். சபையில் விருப்பமானவர்களைக் கேட்டபோது பலர் முன்வந்தனர். ஆறு பேரைத் தெரிந்துகொண்டார். அவர்களை அங்கே குடியமர்த்திச் சில வாரங்களில் தாம் மடத்துக்குத் திரும்புவதென்பதே திட்டம்.

புகையிரதத்தில் அமெரிக்கக் கண்டத்தைக் குறுக்கே கடந்து, பிறகு மாரிப்போசா என்ற கப்பலில் ஏறி, 1883 நவம்பர் 8-ம் திகதி ஏழு சகோதரிகளும் ஹொனலூலு துறைமுகத்தில் இறங்கினார்கள். சமாதான அன்னை பேராலயத்தின் மணிகள் முழங்கி வரவேற்றன. ஆரவாரம் அத்தோடு சரி. அடுத்து அவர்கள் சென்று பார்த்த இடம் கக்காக்கோ வைத்தியசாலை.

கடலோரத்தில் அமைந்த அந்த இடத்துக்குத்தான் எல்லாத் தீவுகளிலுமிருந்தும் தொழுநோய்ச் சந்தேகத்தில் பிடிக்கப்பட்டவர்கள் கொண்டுவரப்பட்டார்கள். நூறு பேருக்குக் கட்டியதில் இருநூறுக்கு மேற்பட்டோர் அடைந்து கிடந்தனர். அழுக்கு, துர்நாற்றம், கவனிப்பாரற்ற புண்கள்.

பொது வைத்தியசாலைத் தாதிக்கு இந்த நோய் ஒரு புதுப் பாடம். மற்ற நோயாளிக்கு வலி இருக்கும். எங்கே நோகிறது என்று சொல்லுவார். தொழுநோய் நரம்பைக் கெடுத்துவிடும். கையைச் சுடுகிறது, காலில் முள் குத்துகிறது என்பதே நோயாளிக்குத் தெரியாது. காயம் புண்ணாகி, புண் எலும்பு வரை போனபின்புதான் கண்ணில் படும். ஆகவே தாதிதான் நோயாளிக்காக ஒவ்வொரு விரலையும், ஒவ்வொரு பாதத்தையும் பார்க்கவேண்டும். கழுவவேண்டும், துடைக்கவேண்டும், கட்டவேண்டும். நாளைக்கு மறுபடியும் அதையே செய்யவேண்டும். குணமாகி வீட்டுக்குப் போகிறவர் எவருமில்லை. நோயாளி சுகமாகிச் சிரித்துக்கொண்டு விடைபெறுவதுதான் தாதிக்குக் கிடைக்கும் பெரிய சம்பளம் என்பார்கள். அந்தச் சம்பளம் இந்தப் பிரிவில் இல்லை.

அம்மையார் சிரக்கியூசில் பழகிய சவர்க்காரத்தையும் தண்ணீரையும் கையிலெடுத்தார். இடம் சுத்தமாயிற்று. சகோதரிகள் பயந்தபோது, விதிப்படி நடந்தால் நம்மில் எவருக்கும் இந்த நோய் வராது என்று உறுதி கூறினார்.

1884-ல் ஒரு திருப்பம். மாவி என்ற தீவில் பொது வைத்தியசாலை ஒன்றை ஏற்படுத்தித் தரும்படி அரசு கேட்டது. அம்மையார் அங்கே சென்று மலுலானி வைத்தியசாலையைத் திறந்துவைத்தார். மாவித் தீவின் முதலாவது பொது வைத்தியசாலை அது. கவனித்தீர்களா? பழகிய வேலை, குணமாகி வீடு திரும்பும் நோயாளர், தொற்றுப் பயமில்லாத வாட்டுகள் எல்லாம் மறுபடி அவர் கைக்கு வந்தன. அங்கேயே இருந்திருந்தால் எவரும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கமாட்டார்கள்.

ஆனால் கக்காக்கோவில் அரசு நியமித்திருந்த நிர்வாகி நோயாளரைக் கொடுமைப்படுத்துவதாகச் செய்தி வந்தது. அம்மையார் திரும்பி வந்தார். சாந்தமானவர் என்று எல்லாரும் எழுதியிருக்கும் அந்தப் பெண்மணி, அதிகாரிகளிடம் மிகத் தெளிவாகப் பேசினார்: இந்த மனிதர் வெளியேறவேண்டும், அல்லது சகோதரிகள் எல்லாரும் சிரக்கியூசுக்குக் கப்பலேறுவோம். நிர்வாகி வெளியேறினார். முழுப் பொறுப்பும் அம்மையாரிடம் ஒப்படைக்கப்பட்டது. சில வாரங்களில் ஊர் திரும்பும் திட்டம் அப்படியே மறைந்துபோனது. அரசும் திருச்சபை அதிகாரிகளும் அவரை விடவில்லை. நோயாளரை விட்டுச்செல்ல அவருக்கும் மனமில்லை.

நோயாளருக்குப் பிறந்த, நோயற்ற பெண்பிள்ளைகளின் கதி அவரை மிகவும் வருத்தியது. பெற்றோர் நாடுகடத்தப்பட்டபின் அந்தப் பிள்ளைகளை ஏற்க ஒரு வீடும் இல்லை. 1885 நவம்பரில் அவர்களுக்காகக் கப்பியோலானி இல்லம் திறக்கப்பட்டது. அதை எங்கே கட்டினார்கள் தெரியுமா? கக்காக்கோ வைத்தியசாலை வளவுக்குள்ளேயே. அந்தப் பிள்ளைகளைத் தொட்டு வளர்க்கத் துணிந்தவர்கள் அங்கிருந்த சகோதரிகள் மட்டுமே. அதே ஆண்டு மன்னர் அம்மையாருக்கு அரச விருதொன்றை அளித்துக் கௌரவித்தார்.

தமியான் சுவாமியாரை அம்மையார் முதலில் சந்தித்தது 1884-ல். அப்போது சுவாமியார் திடமாயிருந்தார். 1886-ல் அவர் ஹொனலூலுவுக்கு வந்தபோது நோய் அவரைப் பிடித்திருந்தது ஊருக்கே தெரியும். அவருடைய வருகையைத் திருச்சபையிலோ அரசிலோ எவரும் விரும்பவில்லை. இதை மறைத்து எழுதுவதில் பயனில்லை. அந்த நேரத்தில் அவரை ஏற்று உபசரித்தவர் மரியான் அம்மையார்.

இங்கே அந்த நாட்டுச் சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 1865-ல் இயற்றிய சட்டத்தின்படி தொழுநோயாளர் அனைவரும் மொலொக்காய்த் தீவின் வடகரைக்கு நாடுகடத்தப்பட்டனர். முதல் கூட்டம் 1866 தை மாதத்தில் அங்கே இறக்கப்பட்டது. மூன்று பக்கமும் கடல், பின்னால் ஆயிரத்து ஐந்நூறு அடிக்கு மேல் செங்குத்தாய் நிற்கும் மலைச்சுவர். போனவர் திரும்புவதில்லை. கணவனை மனைவியிடமிருந்தும் பிள்ளையைத் தாயிடமிருந்தும் பிடித்திழுத்தார்கள். பிரிக்கும் நோய் என்றே ஹவாய் மக்கள் அதற்குப் பெயரிட்டார்கள். மட்டக்களப்பு வாவியின் மாந்தீவை அறிந்த நம் வாசகர்களுக்கு, நோயாளருக்கென்று ஒரு தீவை ஒதுக்குவது என்றால் என்ன என்று விளக்கத் தேவையில்லை. அம்மையார் அந்தச் சட்டத்தை மாற்றவில்லை. மாற்றும் அதிகாரமும் அவருக்கில்லை. சட்டம் தூக்கி எறிந்த மனிதரிடம் தாமே போய்ச் சேர்ந்தார்.

1887-ல் ஹவாய் அரசில் மாற்றம் ஏற்பட்டது. புதிய அதிகாரிகள் கக்காக்கோவை மூடிவிட்டு நோயாளரை எல்லாம் மொலொக்காய்க்கு அனுப்பத் தீர்மானித்தார்கள். அங்கே காவலற்ற பெண்களுக்கும் சிறுமியருக்கும் ஓர் இல்லம் வேண்டும், பொறுப்பேற்பீர்களா என்று அம்மையாரிடம் கேட்டார்கள். சிரக்கியூசை இனி ஒருபோதும் காணமுடியாதென்று தெரிந்துகொண்டே அவர் சம்மதித்தார். 1888 நவம்பர் 14-ம் திகதி லெயோப்போல்தினா, வின்சென்சியா என்ற இரு சகோதரிகளுடன் கலாவுபாபாவில் கரையிறங்கினார். செல்வந்தர் சார்ள்ஸ் பிஷப் கொடுத்த 5,000 டொலரில் எழுந்த பிஷப் இல்லம் அவர்களுடைய பொறுப்பாயிற்று.

தமியான் சுவாமியார் அப்போது தம் கடைசி மாதங்களில் இருந்தார். தமக்குப்பின் பையன்களை யார் பார்ப்பார் என்பதே அவருடைய கவலை. அந்தப் பொறுப்பைத் தாங்கள் ஏற்பதாக அம்மையார் அவருக்கு உறுதி கொடுத்தார். 1889 சித்திரை 15-ம் திகதி, பெரிய வாரத்துத் திங்கட்கிழமை, சுவாமியார் நித்திய இளைப்பாற்றி அடைந்தார். சிறுவர் இல்லத்தையும் சகோதரிகளே ஏற்றார்கள். 1895-ல் திரு இருதய சபைச் சகோதரர்கள் வந்து அதைப் பொறுப்பெடுக்கும்வரை அந்த இரட்டைச் சுமை தொடர்ந்தது.

சுவாமியார் இறந்து சில கிழமைகளில், நாவலாசிரியர் ரொபேட் லூயி ஸ்டீவன்சன் அந்தக் குடியேற்றத்தைப் பார்க்க வந்தார். பிஷப் இல்லத்துச் சிறுமியருடன் பந்து விளையாடினார். கையுறை அணியுமாறு சொல்லியும் அணிய மறுத்தாராம். அம்மையாரைப் பற்றி ஒரு கவிதை எழுதிக் கொடுத்தார். ஊர் திரும்பியபின் அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு பியானோ அனுப்பிவைத்தார். விரல் குறைந்த பிள்ளைகளும் அதில் வாசித்துப் பழகினார்கள்.

இனி அம்மையாரின் தாதிமையில் ஒரு தனி அம்சத்தைச் சொல்லவேண்டும். சாகப்போகும் பிள்ளைகளுக்கு உடுப்பு எதற்கு என்று அதிகாரிகள் கேட்கக்கூடும். அம்மையாரோ நல்ல துணி தருவித்து, அந்தக் காலத்து மோஸ்தரில் சட்டைகள் தைத்துக் கொடுத்தார். தலைக்கு ரிபன், கழுத்துக்குச் சால்வை. தையல், பூவேலை, பாட்டு எல்லாம் பழக்கினார். வெறுந்தரையாய்க் கிடந்த வளவில் பழமரங்களும் பூஞ்செடிகளும் நட்டார். முகம் சிதைந்த ஒரு பெண்பிள்ளை கண்ணாடியைப் பார்க்கவே கூசுவாள். அவளுக்குப் புதுச்சட்டை போட்டு, தலைவாரி, ஞாயிறு பூசைக்கு அழைத்துச் செல்வதும் மருந்து கட்டுவது போன்ற வைத்தியமே என்று அவர் கருதியிருக்கவேண்டும். சிரக்கியூசில் மாணவர்கள் முன் நோயாளியின் மானத்தைக் காத்த அதே மனசு இது.

இதற்கிடையில் அந்த நாட்டின் அரசியல் தலைகீழாயிற்று. 1893-ல் ராணி கவிழ்க்கப்பட்டார்; 1898-ல் ஹவாய் அமெரிக்காவுடன் சேர்க்கப்பட்டது. கலாவுபாபாவில் புண் கட்டும் வேலை மட்டும் மாறவில்லை. வருடங்கள் ஓடின. தோட்டத்தில் நட்ட கன்றுகள் மரமாயின. பல தலைமுறைச் சிறுமியர் வந்தார்கள், வளர்ந்தார்கள், இறந்தார்கள். அம்மையாரும் தளர்ந்து சக்கர நாற்காலியில் அமர்ந்தார். 1918 ஒகஸ்ட் 9-ம் திகதி தம் 80-வது வயதில், முதுமையோடு வந்த வருத்தங்களால் அமைதியாக உயிர்நீத்தார். தொழுநோய் அவரைத் தீண்டவில்லை. அவர் கூறிய உறுதிப்படி அவருடைய சகோதரிகளில் ஒருவருக்கும் அந்நோய் வரவில்லை. சிலர் இதைப் புதுமை என்பார்கள். சிலர் சவர்க்காரம் என்பார்கள். இரண்டையும் பிரித்துப் பார்க்க அம்மையாருக்குத் தேவை இருந்திராது என்பது எங்கள் எண்ணம்.

சல்போன் என்ற மருந்து 1940-களில் வந்து அந்த நோயைக் கட்டுப்படுத்தத் தொடங்கியது. ஏறத்தாழ 8,000 பேரைக் குடும்பத்திலிருந்து பிரித்த ஹவாய்ச் சட்டம் 1969-ல் நீக்கப்பட்டது. தமியான் சுவாமியார் 2009-ல் புனிதராகப் பிரகடனம் செய்யப்பட்டார். மரியான் அம்மையாருக்கு 2005-ல் முத்திப்பேறு பெற்றவர் பட்டமும், 2012 ஒக்டோபர் 21-ம் திகதி பாப்பரசர் பதினாறாம் ஆசீர்வாதப்பரால் புனிதர் பட்டமும் வழங்கப்பட்டன. அவருடைய திருநாள் தை மாதம் 23-ம் திகதி.

கலாவுபாபாவில் நோயாளரிடையே அடக்கம் செய்யப்பட்ட அவருடைய உடலின் எச்சங்கள் 2005-ல் தோண்டியெடுக்கப்பட்டு, அவர் திரும்பிச் செல்லாத சிரக்கியூசுக்குக் கொண்டுசெல்லப்பட்டன. அங்கே ஒன்பது ஆண்டுகள் இருந்து, 2014-ல் மறுபடியும் ஹவாய்க்கே வந்தன. ஹொனலூலு சமாதான அன்னை பேராலயத்தில் இன்று அவை வைக்கப்பட்டிருக்கின்றன.